ஆமென் வரைக்கும்

பழங்காநத்தத்துக்குத் தெற்கே கண்மாய்க் கரையை ஒட்டி நிற்கிற சின்னக் கல் கோயிலை நீங்கள் பார்த்திருக்கலாம். அஸ்திவாரத்திலிருந்து வாசற்படி வரை அதில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் நான் கொடுத்தது. சின்னச்சாமி என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். முப்பத்தைந்தில் திருமங்கலம் ரோட்டில் என் கல் குவாரிச் சல்லி விழாத மைல் கிடையாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் இல்லை நான். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, நாற்பது வயதில் அதே புத்தகத்தைச் சபைக்கு முன்னால் நின்று தடங்கல் இல்லாமல் வாசித்தவன். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆள் இல்லை. அதனால் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என் மனைவி முனியாயியைப் பற்றி. நாற்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் அவள் இறந்தாள். எழுதும்படியாக அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்கள். அவள் செய்த ஒரு காரியம் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

அவள் பிறந்தது கீழக்குயில்குடியில், ஊருக்கு வெளியே எங்கள் ஆட்கள் இருந்த குடிசைகளில். பிறர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஒரு சம்மட்டியும் இரண்டு உளியும்தான் சொத்து. பாறையில் துளை போட ஒருவர் உளியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சம்மட்டியை இறக்க வேண்டும். பிடிக்கிறவர் அடிக்கு அடி உளியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனசு ஒரு கணம் வேறு பக்கம் போனால் விரல் போய்விடும். கூலிக்கு வந்த ஆண்கள் மூன்று பேர் ஒரே வருஷத்தில் பயந்து ஓடினார்கள். என் சம்மட்டியின் வேகம் அப்படி. முனியாயி பிடித்தாள். பதினோரு வருஷம் பிடித்தாள். எங்கள் ஒரே மகன் வீரணன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் பிடித்தாள். ஒரு நாள் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி நல்ல பாம்பு ஒன்று போயிற்று. ஓங்கிய சம்மட்டியோடு நான் மலைத்து நின்றேன். அவள் உளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ அடிய்யா. அது பாட்டுக்குப் போகுது" என்றாள்.

பிற்காலத்தில் என்னைக் கண்டால் எழுந்து நிற்காத ஆள் கிடையாது. அவள் மட்டும் கடைசி வரை 'ஏய்யா' என்றும் 'நீ' என்றும்தான் பேசினாள். நான் திருத்தவில்லை.

நாங்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்தது இருபத்தாறில். பலர் பல காரணம் சொல்வார்கள். என் காரணம் இதுதான். ஊர்க் கிணற்றில் எங்களை இறங்கவிடாத காலத்தில், வெயிலில் நடந்து வந்த மிஷன் உபதேசியார் எங்கள் குடிசை முன்னால் நின்று, எங்கள் பானையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முனியாயிக்கு ஞானஸ்நானத்தில் ரூத் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளோடு அவள் அண்ணன் சுருளியும் வந்தான். என் கல் குவாரியில்தான் அவனுக்கும் வேலை.

கோயில் கட்டி முடித்ததும் என்னைச் சபை மூப்பராக்கினார்கள். அப்போது ஆராதனை நடந்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். பெண்கள் பக்கத்தில் முந்தானைக்குள் முந்தானையாகக் குசுகுசுவென்று பேச்சு. பாஸ்டர் ஐயர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். நான் சொன்னேன். ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழி வெட்டிக்கொண்டு வந்து, தூங்குகிறவன் முதுகிலும் பராக்குப் பார்க்கிறவன் தோளிலும் தட்டினேன். ஜெபம் தொடங்கிவிட்டால் ஆமென் வரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று சட்டம் வைத்தேன். வாசலுக்குச் சுருளியைக் காவல் நிறுத்தினேன். மூன்று மாதத்தில் கோயிலில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீண்ட ஜெபத்தையும் ஐயர் என்னிடமே விட்டுவிட்டார். தாளைப் பார்த்து ஜெபிக்கிறவன் இல்லை நான். துதியில் தொடங்கி, சபைக்கு, நோயாளிகளுக்கு, விதவைகளுக்கு, ராஜாவுக்கு, அதிகாரிகளுக்கு, மழைக்கு, வெள்ளாமைக்கு, ஆடு மாடுகளுக்கு என்று வரிசை தப்பாமல் அரை மணி நேரம் போவேன். மேசைக்குப் பக்கத்தில் ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு கண்ணை லேசாகத் திறந்தே வைத்திருப்பேன். மற்றவர்கள் மனசு சிதறாமல் இருக்க ஒருவனாவது பார்க்க வேண்டுமே.

முப்பத்தெட்டில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஜனங்கள் பூசணிக்காய், கம்பு, சோளக் கதிர் எல்லாம் கொண்டுவந்து மேசையடியில் காணிக்கையாக வைத்திருந்தார்கள். சேவல் ஒன்றையும் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் ஜெபத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் அது கூவியது. நான் நிறுத்தினால் அது, அது நிறுத்தினால் நான். ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பார்த்தால் என் மகன் வீரணன். பத்தொன்பது வயது. வாயைப் பொத்திக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்கிறான்.

எல்லோருடைய பிள்ளைகளையும் தட்டியிருக்கிறேன். என் பிள்ளையை விட்டால் நாளைக்கு என் வார்த்தை நிற்குமா? இறங்கிப் போய்க் கழியால் மூன்று அடி அடித்தேன். தட்டவில்லை, அடித்தேன். சபை முழுக்கக் கண்ணைத் திறந்து பார்த்தது. அவன் எழுந்தான். முதுகைத் தடவவில்லை. "முடிஞ்சுதாய்யா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு நடு வழியாக நடந்து வாசல் வழியே போனான். வீட்டுக்கு வரவில்லை.

ஆறு மாதம் கழித்துச் சுருளி அவனை மதுரையில் ஒரு மில் வாசலில் பார்த்தான். வீட்டுக்கு வா மாப்ள என்று இவன் கெஞ்சியிருக்கிறான். "வீட்டுக்கு வரமாட்டேன் மாமா. என்னைக்காச்சும் ஒரு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாரேன். ஆத்தாகிட்ட சொல்லு" என்றானாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து முனியாயி ஆராதனையில் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். பாட்டுப் பாடும்போது பார்ப்பாள், பிரசங்கத்தில் பார்ப்பாள். ஜெபத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடியிருப்பாள். வெளியே ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தலை திரும்பிவிடும். பாம்புக்குத் திரும்பாதவள், ரோட்டில் போகிற சைக்கிள் மணிக்குத் திரும்பினாள். பெண்கள் பேசத் தொடங்கினார்கள். ஒச்சாயி என்று ஒருத்தி, வாய்க்காரி, என் காதுபடவே சொன்னாள்: "மூப்பர் கழி நம்ம முதுகு வரைக்குந்தான் நீளம். மூப்பர் பொண்டாட்டி வரைக்கும் எட்டாது."

அன்று வீட்டில் முனியாயியைக் கேட்டேன்.

"சாமி சந்நிதியில உக்காந்துக்கிட்டு வாசல்ல உனக்கு என்ன பராக்கு?"

"பராக்கு இல்லய்யா. பிள்ளை வருவான்."

"வந்தா உள்ள வரமாட்டானா? நீ திரும்பிப் பாத்தாத்தான் வருவானா?"

"கண்ணை மூடுனா அவன் முதுகுதான்யா தெரியுது. கர்த்தரேன்னு சொல்ல வாயைத் திறந்தா வீரணான்னு வருது. நான் என்ன செய்ய?"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை என்று நினைத்தேன். ஒரு பொருத்தனை பண்ணச் சொன்னேன். பிள்ளை வரம் கேட்டு, சுகம் கேட்டு எங்கள் சபையில் பொருத்தனை பண்ணாத பெண் இல்லை. ஒருத்தி வெற்றிலை விடுவாள், ஒருத்தி பூ வைக்க மாட்டாள். "உனக்குப் பெருசா இருக்கிறதை விடு. பிள்ளை திரும்பி வார வரைக்கும் ஆராதனையில வாசல் பக்கம் திரும்ப மாட்டேன், மனசு சிதறாம ஜெபிப்பேன்னு சொல்லு. கர்த்தர் கொண்டுவருவாரு" என்றேன்.

"சொன்னா மாறக்கூடாதுல்ல?" என்று கேட்டாள்.

"மாறினா அதுக்குப் பேரு பொருத்தனையா?"

அடுத்த ஞாயிறு இராப்போஜன மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்று, சபை கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் தலை திரும்பியதில்லை. ஒரு முறை மாடு முட்டிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஒச்சாயி முதற்கொண்டு அத்தனை பேரும் திரும்பினார்கள். இவள் திரும்பவில்லை. எனக்கு எம்புட்டுப் பெருமை! ஐயரிடம், "பாத்தீங்களா? நான் சொல்லிக் கொடுத்தது" என்றேன்.

நாற்பத்தொன்றாம் வருஷம், ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்று. சண்டைக் காலம். நான் நீண்ட ஜெபத்தில் இருந்தேன். நோயாளிகளை முடித்து, விதவைகளை முடித்து, ராஜாவுக்கு வந்திருந்தேன். திறந்த கண்ணில் வாசலில் காக்கி தெரிந்தது. சட்டை, கால்சட்டை, பூட்ஸ். சுருளி அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் போலீஸ் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. அது வீரணன்.

என் ஜெபம் ஒரு கணம் நின்றுவிட்டது.

ஆமென் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் கண்ணைத் திறந்திருப்பார்கள். ஆராதனை நிற்கட்டும், மகன் வந்திருக்கிறான் என்று சொல்லியிருந்தாலும் ஐயர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தோன்றியது வேறு. மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறான். நிற்கட்டும். சிரித்தவன் நின்று கேட்கட்டும், அப்பன் இன்றைக்கு எப்படி ஜெபிக்கிறான் என்று. நான் குரலை உயர்த்தினேன். அதிகாரிகளுக்கு ஜெபித்தேன். பட்டாளத்துக்கு ஜெபித்தேன், அன்றைக்கு இல்லாத புது வார்த்தைகளெல்லாம் வந்தன. மழைக்கு, கண்மாய்க்கு, வெள்ளாமைக்கு. வழக்கமாக மாட்டோடு முடிப்பவன், அன்று கோழி வரைக்கும் போனேன். ஊதாரி மகனைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்த்தேன், அவன் காதில் விழட்டும் என்று. வாய் கர்த்தரிடம் பேசிக்கொண்டிருந்தது. மனசு முழுக்க வாசலில் இருந்தது.

நடுவில் ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல். சிறுவயதில் கல் தூசியில் வந்து அவனிடம் தங்கிவிட்ட இருமல் அது. முனியாயியின் தலை ஆடவில்லை. அவள் கை மட்டும் முந்தானையை இறுக்கிப் பிடித்தது.

கடைசி வார்த்தைகளை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சொல்லி, ஆமென் சொன்னேன். சபையும் ஆமென் சொன்னது. வாசலில் சுருளி மட்டும் நின்றான்.

நடந்ததை அவன்தான் சொன்னான். கோயிலுக்கு வெளியே, எல்லோரும் கேட்க, அழுதுகொண்டே சொன்னான். வீரணன் பட்டாளத்தில் சேர்ந்து ரோடு போடுகிற பிரிவில் இருந்திருக்கிறான். அவர்களை ஏற்றி வந்த வண்டி மதுரை ஜங்ஷனில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. மேலாளிடம் கெஞ்சி, ஜட்கா பிடித்து வந்திருக்கிறான். அதே வண்டியில் மதராசுக்கு, அங்கிருந்து கப்பல்.

"நான் உள்ள விடலை மாப்ள," என்றான் சுருளி என்னிடம். "ஜெபம் நடக்குது, உங்கப்பன் சட்டம் தெரியும்லன்னு சொன்னேன். 'தெரியும் மாமா, நான் நிக்கிறேன்'னான். 'அய்யா எதுவரைக்கும் வந்திருக்காரு?'ன்னு கேட்டான். 'இப்பத்தான் ராசாவுக்கு வந்திருக்காரு. இன்னும் மழை இருக்கு, மாடு இருக்கு'ன்னேன். சிரிச்சான். கையைக் கட்டிக்கிட்டு நின்னான். ஜட்காக்காரன் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டான். நான் போயி முனியாயி தோளைத் தொட்டுக் கூட்டியாரேன்னேன். 'வேணாம் மாமா, ஆத்தா ஜெபத்துல இருக்கு. நான் வந்து கலைச்சேன்னு இன்னொரு பேரு வேணாம்'னுட்டான். வேணும்னே ஒரு தடவை இருமிப் பாத்தான். அவ திரும்பலை. 'கோவமா மாமா?'ன்னான். பொருத்தனை மாப்ள, உனக்காகத்தான்னு சொன்னேன். அப்பக் கண்ணு கலங்கிருச்சு. 'லீவுல வாரேன். அடுத்த தடவை சீக்கிரமா வந்து முன்னாலயே உக்காந்துக்கிறேன்னு சொல்லு'ன்னு ஓடிட்டான்."

எனக்கு அப்போது ஒரே வார்த்தைதான் வந்தது. "சட்டம்னா உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று சுருளியைக் கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பார்த்ததை நான் சொல்லவில்லை.

முனியாயி ஜங்ஷன் வரைக்கும் ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி போயிருந்தது. பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இருமுனது எனக்குக் கேட்டுச்சுய்யா. அவன்தான்னு தெரிஞ்சுச்சு. ஆமென் வரைக்கும் நிப்பான்னு நெனைச்சேன். பொருத்தனையை நான் காத்தா, அவனை ஆமென் வரைக்கும் கர்த்தர் நிறுத்தி வைப்பாருன்னு நெனைச்சேன்."

கர்த்தர் அவனை நிறுத்தித்தான் வைத்திருந்தார். ஆமென் என் வாயில் இருந்தது.

அடுத்த வருஷம் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. ஆடி மாதம் பட்டாளத்திலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. உபதேசியார் வாசித்தார். மலேயாவில் காணாமற்போனவர்களின் பட்டியலில் வீரணன் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தது. செத்துப்போனான் என்று எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஐந்து வருஷம் இருந்தாள். சண்டை முடிந்து, கப்பல்கள் வந்து, திருமங்கலம் பக்கத்து ஆட்கள் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் நடந்து போய்க் கேட்டாள். அவனைத் தெரிந்தவர் யாருமில்லை.

நான் கழியை அடுப்பில் வைத்தேன். மூப்பர் வேலையை விட்டேன். யாரும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஐயரைச் சொல்ல வைத்தேன். முனியாயி மட்டும் மாறவில்லை. திரும்பி வரும் வரைக்கும் என்றுதானே சொன்னாள். அவன் வந்தானே, பொருத்தனை முடிந்தது, இனி நீ வாசலைப் பார்க்கலாம் என்று நான் கெஞ்சினேன். "நான் பாக்கலையே. நான் பாக்காம அவன் எப்படி வந்தவனாவான்?" என்றாள். ஞாயிறு தவறாமல் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப்போல ஜெபித்தவரை நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒச்சாயியே தன் வாயை மூடிக்கொண்டாள்.

நாற்பத்தேழில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் விழுந்திருந்தது. கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கையால் தள்ளினாள்.

"ஏய்யா. ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னைக்கு நீ ராசாவுக்கு ஜெபம் பண்ணுறப்போ ஒரு நிமிசம் நின்னுட்ட. அதுக்கப்புறம் குரல் மாறிப்போச்சு. நீ சாமிகிட்டப் பேசலை. அவன்கிட்டப் பேசுன."

என் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் தெரிந்துமா என்று கேட்டேன்.

"வாசலைத்தான் பாக்கக்கூடாதுன்னு சொன்ன. ஜெபத்தைக் கேக்கக்கூடாதுன்னு சொல்லலையே. வார்த்தை வார்த்தையாக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்பவே ஏன் கேக்கலை முனியாயி?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சண்டை போடலைய்யா. அது போகட்டும். சுருளி அண்ணன் அவன் பக்கத்துல நின்னுச்சு. உள்ள பாத்துக்கிட்டு நிக்கயில அவன் மூஞ்சியை நேருக்கு நேரா நீ ஒருத்தன்தான் பாத்த. நான் திரும்பாம இருக்கயில அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லு."

நான் யோசித்தேன். காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. கட்டிய கைகள் ஞாபகம் வந்தது. நான் என்னென்ன சொல்லி ஜெபித்தேன் என்பது வரிசை தப்பாமல் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. அவ்வளவு நேரம் அவனை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஜெபத்தை அவன் கேட்கிறானா என்பதைத்தான் பார்த்தேன். அவன் மெலிந்திருந்தானா, மீசை வைத்திருந்தானா, அவன் கண் தன் ஆத்தாள் பக்கம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்ப விரும்பியிருப்பாள். ஆனால் என் குரலை அவளுக்குத் தெரியும்.

"எனக்கு ஞாபகம் இல்லை, முனியாயி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தால் வந்துவிடும் என்று காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். நானும் யோசித்தேன். பாயில் விழுந்த வெயில் நகர்ந்து சுவரில் ஏறியது.

"சரிய்யா" என்றாள்.

மூன்றாம் நாள் இறந்தாள். அதற்கிடையில் தண்ணீர் கேட்டாள், சுருளியைக் கேட்டாள், ஒச்சாயியை வந்து பார்க்கச் சொன்னாள். என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.